நாலு சீடி, ஒரு முற்றம்: 'ஸைரீக்கா' கேட்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொக்குவில் பக்கம் எங்கள் வளவில் இதுவரை இரண்டு தரம் 'ஸைரீக்கா' போட்டிருக்கிறோம். மூன்றாம் தரத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியதிலிருந்து போன் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் நொந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீண்டு போய்விட்டன. அவசரக்காரர் தாண்டிப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

முதலில், இது என்ன சாமான்?

ஃபிளேமிங் லிப்ஸ் என்ற அமெரிக்க றொக் குழு 1997 ஒக்டோபர் 28 அன்று வெளியிட்ட இசைத்தட்டு. தட்டு என்று ஒருமையில் சொல்வதே பிழை, பெட்டியைத் திறந்தால் நாலு சீடி இருக்கும். நாலிலும் அதே எட்டுப் பாட்டுகள், அதே வரிசையில். ஆனால் எந்தச் சீடியிலும் எந்தப் பாட்டும் முழுசாக இல்லை. நாலு பிளேயரில் நாலையும் போட்டு ஒரே நேரத்தில் தொடக்கினால்தான் பாட்டு ஒன்றுசேரும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு குரல் அதன் இலக்கத்தைச் சொல்லும். நாலு மூலையிலிருந்தும் அந்தக் குரல் எப்படி வந்து விழுகிறது என்பதை வைத்தே, சேர்ந்து போகிறோமா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம். முழுவதும் ஓட முக்கால் மணித்தியாலம்.

'ஸயர்' என்ற ஆபிரிக்க நாட்டின் பெயரையும் 'யுரேகா' என்ற கூவலையும் ஒட்டவைத்த சொல் இது. எல்லாம் குலைந்து கிடப்பதும், திடீரென்று ஒன்று பிடிபடுவதும் ஒரே சொல்லுக்குள். தட்டு கடைக்கு வர ஐந்து மாதம் முந்தியே அந்த நாடு தன் பெயரைக் கொங்கோ என்று மாற்றிக்கொண்டது வேறு கதை.

யார் இவர்கள்?

ஒக்லஹோமா சிற்றியில் 1983இல் தொடங்கிய குழு. வெய்ன் கொய்ன் பாடுகிறவர், யோசனைகளும் பெரும்பாலும் அவருடையவை. அந்தக் காலத்தில் ஸ்டீவன் டிரோஸ்ட் டிரம்மில் தொடங்கி அநேகமாக எல்லா வாத்தியமும் வாசித்தார். மைக்கல் ஐவின்ஸ் பேஸ் கிற்றார் வாசித்தார். 1996இல் அவர்களுடைய கிற்றார்காரர் றொனால்ட் ஜோன்ஸ் விலகிப் போனார். இன்னொரு கிற்றார்காரரைத் தேடுவதை விட்டுவிட்டு, மிஞ்சிய மூன்று பேரும் "றொக் குழு என்றால் மேடையில் நின்று கிற்றார் அடிக்கத்தான் வேண்டுமா?" என்ற மாதிரி வேலைகளில் இறங்கினார்கள். 'ஸைரீக்கா' அதில் பிறந்தது. டேவ் ஃபிரிட்மன் என்ற ஒலிப்பதிவுக்காரரும் இதில் பாதிப் பங்காளி.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

கார் நிறுத்துமிடத்திலிருந்து. கொய்ன் இளைஞராக இருந்த காலத்தில் ஒரு கச்சேரிக்குப் போயிருக்கிறார். வெளியே நின்ற கார்களின் றேடியோக்களில் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரே நிலையத்தைப் பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான் விசயம். ஆனால் நடுவில் நடந்து போகிறவருக்குப் பாட்டு ஒரு காரிலிருந்து வராது, நிலத்திலிருந்தே வருவதுபோல இருக்கும். அது அவர் மனதில் தங்கிவிட்டது.

1996இலும் 1997இலும் அதை அவர் வேறுவிதமாகச் செய்து பார்த்தார். நாற்பது கசெற் தயாரித்தார், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சத்தம். காரோடு வரச்சொல்லி ஆட்களை அழைத்து, ஆளுக்கொரு கசெற்றைக் கொடுத்து, "இப்போது அமத்துங்கள்" என்று சொன்னார். கார்க் கதவுகள் திறந்தபடி. ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும் ஒரு படைப்பு அது. கச்சேரி பார்க்க வந்தவர்களே வாத்தியக்காரர்கள், கார்களே வாத்தியங்கள்.

இதன் இன்னொரு வடிவம், கையில் தூக்கித் திரியும் கசெற் பெட்டிகள். பார்வையாளர்களில் நாற்பது பேர்வரை முன்வந்து ஆளுக்கொரு பெட்டியோடு இருப்பார்கள். கொய்ன் முன்னால் நின்று கையை உயர்த்த ஒரு பக்கம் சத்தத்தைக் கூட்டும், தாழ்த்தக் குறைக்கும். வேகத்தையும் மாற்றக்கூடிய மாதிரி அந்தப் பெட்டிகளைத் திருத்தியிருந்தார்கள். கார்களில் செய்ததை வீட்டில் செய்யக்கூடியதாகச் சுருக்கினால் என்ன என்ற கேள்விக்கு வந்த பதில்தான் நாலு சீடிப் பெட்டி.

ஓக்லஹோமாக்காரரின் விளையாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன வேலை?

இதைக் கேட்காதவர் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

கொய்னுடைய கார்க் கதையை வாசித்தபோது எனக்கு எங்கள் ஒழுங்கைதான் ஞாபகம் வந்தது. 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. ஆனாலும் செய்தி கேட்கத்தானே வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் றேடியோ கேட்டோம். எங்கள் வீட்டில் மிதி சுற்றும் வேலை மாமாவுக்கு. திண்ணையில் குந்தியிருந்து ஒரு கையால் சுற்றிக்கொண்டு, மற்றக் கையால் நுளம்பு அடிப்பார். இரவில் பிபிசி தமிழோசை நேரத்தில் ஒழுங்கையால் நடந்து வந்தால், ஒரு வீட்டைக் கடக்கும்போது வசனத்தின் முன்பாதி, அடுத்த வீட்டு வேலிக்கு வரும்போது பின்பாதி. செய்தி அறுபடாது. ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாமல் வீடுவரை வந்து சேரலாம். பின்னணியில் ஒவ்வொரு வளவிலும் டயரில் டைனமோ உரசும் 'ர்ர்ர்' சத்தம். அது மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சுருதி.

பாட்டுக் கசெற் போட்டால் இன்னும் வேடிக்கை. மாமாவின் கை களைத்தால் பாடகரும் களைத்துப்போவார். பெண் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாக இறங்கும். "மாமா, சுத்துங்கோ!" என்று உள்ளேயிருந்து கத்தினால் திரும்ப ஏறும். கேட்கிறவன் கையில் பாட்டின் வேகம் இருப்பதென்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் அதற்குப் பெட்டியைத் திறந்து திருத்தினார்கள், எங்களுக்கு அது வசதிக்குறைவு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் ஆசைப்பட்டுச் செய்தது, மற்றது வேறு வழியில்லாமல் நடந்தது. ஆனால் காது அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

இப்போதும் பாருங்கள். காலையில் பாண் ஓட்டோ பீத்தோவனின் அதே மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். ஒழுங்கையின் இரண்டு முனையாலும் இரண்டு ஓட்டோ ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ஐந்தாறு நிமிடத்துக்கு வீட்டுக்குள் இருக்கிறவருக்கு இலவசக் கச்சேரி. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, ஒன்றின் பற்றறி வேறு இறங்கியிருக்கும். திருவிழாக் காலத்தில் மூன்று கோயில் குழாய்கள் மூன்று பாட்டோடு விடியும். சோளகம் அடித்தால் ஒன்று கிட்ட வரும், காற்று விழுந்தால் மற்றது மேலெழும். நாங்கள் இதையெல்லாம் தொல்லை என்று மட்டும் வகைப்படுத்தி வைத்திருக்கிறோம். பாதி நேரம் அது தொல்லைதான், மறுக்கவில்லை.

நாலு பேர் எப்படி ஒரே நேரத்தில் அமத்துவது? பிந்தினால் பழுதாகிவிடாதா?

பிந்தத்தான் செய்யும். எப்போதும், எல்லாருக்கும். எதனால் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சுவாரசியமெல்லாம் இதற்குள்தான் கிடக்கிறது.

முதலாவது, விரல். நாங்கள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தாளம் போட்டு எண்ணி, நாலில் அமத்துவோம். தாளத்தோடு அமத்தினால் பிசகு குறையும். 'தொடங்கு' என்ற சொல்லைக் கேட்டபிறகு அமத்தினால் ஆளுக்காள் வித்தியாசம் கூடிவிடும்.

இரண்டாவது, மெசின். மூன்றாம் மூலைக்கு நாங்கள் வைத்த பிளேயர் பழைய சாமான். பட்டனை அமத்தியபிறகு சீடி சுழன்று, கண் வைத்துத் தேடி, யோசித்துத்தான் பாடத் தொடங்கும். முதல் தடவை அது கிட்டத்தட்ட ஒரு செக்கன் பிந்தி, இலக்கம் சொல்லும் குரலை மூன்று பேர் முதலில் சொல்ல, நாலாமவர் பிந்தி வந்து சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அந்த மூலை மாமாவுடையது. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பாட்டுக்கு 'மூன்று' என்று எண்ணும்போதே அமத்தினார். சரியாக வந்து உட்கார்ந்தது. கடைசிப் பாட்டுவரை அவர் ஒரு எண்ணிக்கை முந்தியே அமத்தினார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மிதி சுற்றிய கை அல்லவா.

மூன்றாவது, ஓட்டம். சரியாகத் தொடங்கினாலும் சேர்ந்து ஓடாது. ஒரு கசெற் பிளேயரின் வேகம் நூற்றுக்கு ஒன்று பிசகினால், இருபது நிமிடத்தில் 12 செக்கன் விலகிவிடும். கொய்னின் கார்களில் நடந்தது இதுதான், அவர் எழுதிய படைப்பும் அப்படி வழுகி ஓடுவதைத் தாங்கக்கூடியதுதான். சீடி எவ்வளவோ நேர்த்தி, அதற்குள் ஒரு படிக மணிக்கூடு இருக்கிறது. ஆனால் அந்த மணிக்கூடும் பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு அங்கே இங்கே போகலாம். அந்தக் கணக்கில் முக்கால் மணித்தியாலத்தில் 0.135 செக்கன் விலகும். டிரம் அடி இரண்டாகக் கேட்க இது போதும். அதனால்தான் நாங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுத்தி, திரும்ப எண்ணித் தொடங்குகிறோம். அதே கணக்கில் ஐந்து நிமிடப் பாட்டில் விலகுவது 15 மில்லிசெக்கன்தான்.

நாலாவது, காற்று. இதை யாரும் திருத்த முடியாது. எங்கள் மாலை நேரச் சூட்டில் சத்தம் செக்கனுக்குச் சுமார் 348 மீற்றர் போகும். எங்கள் முற்றம் 12 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம். நடுவில் நின்றால் நாலு மூலையும் சம தூரம், நாலும் சேர்ந்து வரும். ஒரு மூலையில் நின்றால் எதிர் மூலைக்கு 17 மீற்றர். அந்த மூலைச் சத்தம் 49 மில்லிசெக்கன் பிந்தி வரும். ஒரே சத்தம் இரண்டு இடத்திலிருந்து வரும்போது, இடைவெளி முப்பது நாற்பது மில்லிசெக்கனுக்குள் இருந்தால் காது அதை ஒரு சத்தமாகவே எடுத்துக்கொள்ளும், முதலில் வந்த திசையிலிருந்து வந்ததாகவும் நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1949இல் இதை ஆராய்ந்து எழுதினார், மேடை ஒலியமைப்புச் செய்கிறவர்கள் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அந்த எல்லையைத் தாண்டினால் எதிரொலி. ஆக, நடுவில் நிற்கிறவர் கேட்கும் பாட்டும் கிணற்றடியில் நிற்கிறவர் கேட்கும் பாட்டும் ஒன்றல்ல. எழுந்து நடந்தால் பாட்டு மாறும். நடக்கச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். கதிரையில் ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டு "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று சொல்லாதீர்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே சீடியில் தந்திருக்கலாமே?

கலந்த பிரதிகள் இணையத்தில் உலவுகின்றன. ரசிகர்கள் நாலையும் ஒட்டிச் செய்தவை. ஹெட்போனில் கேட்டேன். பாட்டு விளங்கும். ஆனால் அது கல்யாண வீட்டுக்குப் போகாமல் வீடியோ பார்த்த மாதிரி. ஸ்டீரியோவில் இருப்பது இடமும் வலமும் மட்டும். இங்கே எட்டு ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னாலும் ஒருவர் பாடுவார். கலவை கம்பியில் நடப்பதும் காற்றில் நடப்பதும் வேறு வேறு.

நாலும் கட்டாயமா? ஒன்று பழுதானால்?

கட்டாயமில்லை. ஒன்றாக, இரண்டாக, மூன்றாகவும் போடலாம் என்றே செய்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் பதினைந்து விதம். இரண்டாம் தரம் கரண்ட் ஒருக்கால் கண்ணடித்ததில் இரண்டாம் மூலைப் பிளேயர் அணைந்துவிட்டது. மற்றவை தப்பிவிட்டன. மூன்றோடு அந்தப் பாட்டை முடித்தோம். வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியவே இல்லை. ஒருவர் "அந்த அமைதியான இடம் நல்லாயிருந்தது" என்றார்.

இவர்கள்தான் இதை முதலில் செய்தவர்களா?

இல்லை. ஜோன் கேஜ் 1951இலேயே பன்னிரண்டு றேடியோவுக்கு ஒரு படைப்பு எழுதினார். ஒரு றேடியோவுக்கு இரண்டு பேர், ஒருவர் நிலையத்தை மாற்ற, மற்றவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, மொத்தம் 24 பேர். அந்த நேரத்தில் வானொலியில் என்ன போகிறதோ அதுதான் இசை. நியூயோர்க்கில் பில் கிளைன் 1992 மார்கழியில் கசெற் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும் ஊர்வலம் ஒன்றைத் தொடங்கினார். ஆளுக்கு ஆள் வேறு கசெற், நடக்க நடக்கச் சத்தம் கலக்கும். அது பல ஊர்களுக்கும் பரவி, நத்தார் காலத்தில் ஆண்டுதோறும் நடக்கிற ஒன்றாகிவிட்டது. எங்கள் திருப்பள்ளியெழுச்சிப் பஜனைக்காரரிடம் காட்டினால் "இதென்ன புதுசு?" என்பார்கள்.

ஃபிளேமிங் லிப்ஸின் பங்கு வேறு. பெரிய கம்பனி ஒன்று கடைக்கு அனுப்பும் சாதாரண றொக் தட்டாக இதைக் கொண்டுவந்தது. வாங்குகிறவர் தனியாகக் கேட்க முடியாத தட்டு. நாலு பிளேயர் யாரிடம் இருக்கும்? மூன்று பேரைக் கூப்பிட்டே ஆகவேண்டும்.

பார்வையாளர் பங்கேற்பு என்றால், மேடையிலிருந்து "கை தட்டுங்கோ" என்பார்களே, அதுவா?

அதுவல்ல. கை தட்டாவிட்டாலும் அந்தப் பாட்டு நடக்கும். இங்கே நீங்கள் அமத்தாவிட்டால் பாட்டே இல்லை, நீங்கள் பிந்தினால் பாட்டும் பிந்தும். இதற்கு நெருக்கமானதைத் தேடினால் நல்லூர்த் தேரன்றுதான் பார்க்க வேண்டும். முன்னால் 'அரோகரா' எழும், அது காதில் விழ அடுத்தவர்கள் எழுப்புவார்கள், பின்வீதிவரை அலைபோலப் போகும். யாரும் எண்ணித் தொடங்குவதில்லை. அதில் நிற்கிற எவருக்கும் தான் கேட்கிறவனா கத்துகிறவனா என்ற சந்தேகம் வராது.

அந்தக் குழு பிறகு என்ன செய்தது? விட்டுவிட்டார்களா?

விடவில்லை. 1999 சுற்றுப்பயணத்தில் கச்சேரிக்கு வந்தவர்களுக்குச் சின்ன றேடியோவோடு ஹெட்போன் கொடுத்தார்கள். மேடையின் பெரிய ஸ்பீக்கரிலிருந்து வரும் அதிர்வு உடம்புக்கு, பண்பலையில் வரும் தெளிவான சத்தம் காதுக்கு. 2011இல் ஒரே பாட்டைப் பன்னிரண்டு துண்டாக்கி யூடியூபில் போட்டார்கள், பன்னிரண்டு போனில் ஒன்றாகப் போட்டுக் கேட்கச் சொல்லி. 2021 ஜனவரியில், கொரோனா நேரத்தில், ஒக்லஹோமா சிற்றியில் நூறு பிளாஸ்டிக் பந்துகளுக்குள் ஆட்களை விட்டுக் கச்சேரி நடத்தினார்கள். ஒரு பந்துக்குள் அதிகம் மூன்று பேர். படம் பார்த்தவர்கள் எல்லாரும் பந்தைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு. பிளாஸ்டிக்குக்குள் சத்தம் மந்தமாகிவிடும் என்று ஒவ்வொரு பந்துக்குள்ளும் ஒரு மேலதிக ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் தொடங்கியது பந்துக்குள்ளும் தொடர்கிறது.

சீடி பிளேயர் இல்லை. போன், புளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவரலாமா?

பிளேயர் நாங்கள் நாலு வைத்திருக்கிறோம். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். புளூடூத்தில் சத்தம் பொதியாகச் சுருங்கிப் போய் விரிவதற்குள் நூறு, இருநூறு மில்லிசெக்கன் போய்விடும், அதுவும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வேறுபடும். கம்பி போட்ட ஸ்பீக்கர் என்றால் சரி. பக்கத்து வீட்டில் கிரிக்கெட் பார்க்கிறவர்கள் "அவுட்!" என்று கத்தியபிறகு உங்கள் தொலைக்காட்சியில் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குவதும் இதே மாதிரி வியாதிதான். தமிழோசை நேரத்தில் ஒழுங்கை முழுக்க ஒரே சொல் கேட்டது, இப்போது இணையத்தில் கேட்டால் வீட்டுக்கு வீடு நேரம் வேறு. வசதி கூடக் கூடப் பிந்துகிறது.

காதுக்கு ஏதும் ஆபத்து உண்டா? பெட்டியில் எச்சரிக்கை இருக்கிறதாமே?

உண்டு. வழக்கமான தட்டுகளில் வராத அதிர்வெண்கள் இதில் இருப்பதாகவும், அபூர்வமாகக் கேட்கிறவருக்குத் தலைச்சுற்று மாதிரித் தடுமாற்றம் வரலாம் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். வண்டி ஓட்டும்போது கேட்காதீர்கள் என்பதும் உண்டு. ஆறாவது பாட்டில்தான் மிக உயர்ந்த கீச்சும் மிகத் தாழ்ந்த உறுமலும் வரும். எங்கள் இடத்தில் யாரும் விழவில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்குச் சத்தத்தைக் குறைத்துத்தான் போடுகிறோம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அந்த நேரம் வீட்டுக்குள் போய்விடுங்கள், அம்மா தேத்தண்ணி போட்டு வைத்திருப்பார். காது கேட்கும் கருவி போட்டவர்களும் அப்படியே.

அயலவர் ஒன்றும் சொல்வதில்லையா?

முதலே போய்ச் சொல்லிவிடுவோம். கோயில் திருவிழா நாட்களில் போடுவதில்லை. மாலை ஏழரைக்குள் முடித்துவிடுவோம். அயலவர் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னது நாய்கள். கடைசிப் பாட்டின் முடிவில் நாலு சீடியிலும் நாய்கள் குரைக்கும். முதல் தரம் நாங்கள் இதை யோசிக்கவில்லை. நாலு மூலையிலிருந்தும் குரைக்கத் தொடங்க, கிணற்றடியில் படுத்திருந்த எங்கள் நாய் எழும்பி முதலாம் மூலைக்கு ஓடியது, பிறகு மூன்றாம் மூலைக்கு, பிறகு நடுவில் நின்று எல்லாப் பக்கமும் பார்த்துக் குரைத்தது. பின்வளவு நாய் பதில் சொல்ல, ஒழுங்கை நாய்கள் சேர, சீடி முடிந்தது எப்போது என்று எங்களுக்கே தெரியவில்லை. பிளேயரின் விளக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

உண்மையைச் சொல்லுங்கள், இது நல்ல இசையா?

பாதி. சில பாட்டுகள் உருகவைக்கும். சில இடங்கள் யாரோ இரும்புக்கடையைக் கொட்டின மாதிரி. 'பிட்ச்ஃபோர்க்' என்ற விமர்சனத் தளம் வெளிவந்த நேரத்தில் பத்துக்குப் பூச்சியம் கொடுத்தது. எனக்கு அந்தப் பூச்சியத்தில் உடன்பாடில்லை. ஆனாலும் தனியாக ஒரு சீடியை மட்டும் போட்டுக் கேட்டு எழுதச் சொன்னால் நானும் இரண்டுக்கு மேல் போட மாட்டேன். இதே காலத்தில் பதிவாகி 1999இல் வந்த அவர்களுடைய அடுத்த தட்டுத்தான் அவர்களுக்குப் பெரிய பெயர் கொடுத்தது. அது ஒற்றைச் சீடி. முதலில் அதைக் கேட்டுவிட்டு வந்தால், இந்த முற்றத்தில் அதன் துண்டு துணுக்குகள் சிதறிக் கிடப்பது தெரியும்.

நாங்களே எங்கள் ஊரில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. இந்தத் தட்டே தேவையில்லை. நாலு போனில் நாலு சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். ஒன்றில் தவில், ஒன்றில் கிணற்றுக் கப்பி, ஒன்றில் சந்தை, ஒன்றில் யாராவது பாடுவது. நாலையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். தொடக்கத்தில் "ஒன்று, இரண்டு, மூன்று, நாலு" என்று அதே வேகத்தில் எண்ணிப் பதிந்தால் சேர்ப்பது சுகம். சத்தம் முழுவதையும் நிரப்பாதீர்கள், ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதி அமைதி விடுங்கள். நாங்கள் முதலில் விட்ட பிழை அதுதான், நாலு மூலையும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. மூலைக்கு ஒரு ஆள் கட்டாயம் நிற்கட்டும். ஒருவரே நாலு போனையும் ஓடி ஓடி அமத்தினால் அது வேலை, விளையாட்டல்ல.

அடுத்தது எப்போது? என்ன கொண்டுவர வேண்டும்?

தைப்பொங்கல் கழிந்த பிறகு, வாடை நன்றாக அடிக்கும் ஒரு சனிக்கிழமை. இந்த முறை ஒரு சேர்க்கை உண்டு. வல்வெட்டித்துறையில் பட்டம் விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பட்டத்தில் வில்லுப்போல வளைத்த தடியில் நாடாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள், அதுதான் விண். காற்றுப் பட்டதும் கூவத் தொடங்கும், இரவிரவாகக் கூவும். சின்ன வயதில் படுக்கையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு, எது யாருடைய பட்டம் என்று சொல்வோம். முற்றத்தின் நாலு மூலையிலும் சீடி ஓட, மேலே இரண்டு மூன்று விண் கூவினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. மாமா வேண்டாம் என்கிறார், விண்ணைக் கட்டுப்படுத்த முடியாதாம், பாட்டைக் கெடுத்துவிடுமாம். நான் அவர் மனதை மாற்றப் பார்க்கிறேன்.

பாய் ஒன்று கொண்டுவாருங்கள். விண் பூட்டிய பட்டம் இருக்கிறவர்கள் நூலோடு ஐந்து மணிக்கே வந்துவிட்டால் வெளிச்சத்தில் ஏற்றிவிடலாம்.